டெல்டா நகரம் ஒன்றில் குடிநீருக்கு முதலில் செலவழிப்பதா, பாதாளச் சாக்கடைக்கா?

கேட்டவர் சொல்வது இது: காவிரி டெல்டாவில் நடுத்தர அளவில் ஒரு நகராட்சி. கொள்ளிடத்திலிருந்து கூடுதல் குடிநீர் கொண்டுவரவும், ஏற்கெனவே பாதி ஊருக்கு இருக்கிற பாதாளச் சாக்கடையை மீதிப் பாதிக்கு நீட்டவும் பேச்சு நடக்கிறது. பணம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வராது. எதை முதலில் எடுப்பது?

கணக்கை இரண்டுக்கும் சேர்த்தே போடுங்கள். வேலையைக் கழிவுநீர் முனையிலிருந்து தொடங்குங்கள். இந்த மாதிரித் திட்டங்களுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான், ஊர் கும்பகோணம் பக்கம். குடிநீர் என்றால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. சாக்கடைக்கு அதெல்லாம் கிடையாது. அதனாலேயே வரிசை எப்போதும் தலைகீழாகப் போகிறது.

முப்பது வருடம் கழித்து உங்கள் ஊரில் இரண்டு லட்சம் பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு மத்திய அரசின் வடிவமைப்புக் கையேடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்கிறது. ஆக 2.7 கோடி லிட்டர். வழியில் ஒழுகுவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 3.1 கோடி லிட்டர் ஏற்ற வேண்டும். வீடுகளுக்குப் போய்ச் சேரும் 2.7 கோடியில் 80 சதவீதம், அதாவது 2.16 கோடி லிட்டர், சாக்கடையாகத் திரும்பி வரும். அதே கையேட்டின் 1999 பதிப்பு பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர்தான் கொடுத்தது. அது கஞ்சத்தனம் இல்லை. கொண்டுபோக வழி இல்லாத இடத்தில் தண்ணீரைக் கொட்டினால் அது தெருவோரச் சாக்கடை வழியாகப் பக்கத்துப் பாசன வாய்க்காலுக்குத்தான் போகும்.

காவிரி வழக்கிலேயே இந்தக் கணக்கு உண்டு. 2007இல் இறுதித் தீர்ப்புக் கொடுத்த நடுவர் மன்றம், குடிநீருக்கு எடுக்கிற தண்ணீரில் 20 சதவீதம்தான் உண்மையில் செலவாகிறது, மீதி ஆற்றுப் படுகைக்கே திரும்பும் என்று வைத்துத்தான் ஒதுக்கீடு செய்தது. கர்நாடகத்து நகரங்கள் அந்த 80 சதவீதத்தை எப்படித் திருப்பி அனுப்புகின்றன என்று நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். நம் ஊர் நகராட்சி அதை அரசலாற்றுக்கோ குடமுருட்டிக்கோ எப்படி அனுப்புகிறது என்பதையும் ஒருநாள் போய்ப் பார்க்கலாம்.

அப்படிப் பார்க்கப் போகிறவர்கள் சித்திரையில் போங்கள். வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும், ஜனவரி 28இல் மூடும். தண்ணீர் ஓடும் மாதங்களில் சுத்திகரிப்பு நிலையம் அரைகுறையாக வேலை செய்தாலும் ஆறு அதை அடித்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. பிப்ரவரிக்குப் பிறகு வாய்க்காலில் இருப்பது ஊர் விட்ட தண்ணீர் மட்டும்தான். ஆடு மாடு குடிப்பது அதைத்தான், கரையோரத்துக் கைப்பம்புக்கு ஊறுவதும் அதுதான். சுத்திகரித்த நீரில் எவ்வளவு அழுக்கு மிஞ்சலாம் என்பதை பி.ஓ.டி. அளவால் சொல்வார்கள். 2017இல் மத்திய அரசின் விதி பெரும்பாலான ஊர்களுக்கு அதை லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 10 ஆக இருக்க வேண்டும் என்றது. டெல்டாவில் வருடத்தில் நாலைந்து மாதம் கலந்து நீர்க்க ஒரு சொட்டு ஆற்று நீர் கிடையாது. நான் 10ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

இனி நிலம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 57 மீட்டர் உயரம். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. நெல்லுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது, சாக்கடைக்கு இதைவிட மோசமான நிலம் கிடையாது. குழாயில் மண்ணும் கசடும் தங்காமல் ஓட வேண்டுமானால் உச்ச நேரத்தில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். தெருவில் பதிக்கிற சின்னக் குழாய்க்கு அதற்குக் கிலோமீட்டருக்கு 4 மீட்டர் போலச் சரிவு கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் குழாய் ஆறேழு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அதற்கு வெகு மேலேயே நிற்கும். தோண்டும்போது பக்கவாட்டு மண் சரியும், பக்கத்து வீட்டுச் சுவர் விரியும், பதித்த இணைப்பு வழியாக நீர் உள்ளே கசியும்.

இருக்கிற பாதி ஊர்ச் சாக்கடை எப்படி இருக்கிறது என்று தெரிய ஒரு எளிய சோதனை உண்டு. கார்த்திகை அடைமழை ஓய்ந்த மறுநாள், விடியற்காலை மூன்று மணிக்குப் பம்பிங் ஸ்டேஷனுக்கு முந்தைய மேன்ஹோலின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள் (மேலிருந்து பார்த்தால் போதும், யாரையும் உள்ளே இறக்கக் கூடாது, 2013ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது). ஊர் தூங்கும் நேரம், அடியில் நூலாக ஓடினால் சரி. குழாய் வாய் நிறைய, நாற்றம்கூட இல்லாமல், வெளுத்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது ஊருடையது இல்லை, நிலத்தடி நீரும் மழைநீரும். அதைத்தான் மின்சாரம் செலவழித்து ஏற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஊரில் நிலையத்தின் கொள்ளளவை இரட்டிப்பாக்கும் திட்டத்தை எழுதுவதற்கு முன்னால் பழைய குழாயில் கேமரா விட்டுப் பார்த்து இணைப்புகளை அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. பெரிய டெண்டர் ஆகாது, பாருங்கள்.

புதிதாக நீட்டும் பகுதியில் ஆழத்தை நாலு மீட்டருக்குள் நிறுத்திவிட்டு, சிறிய நீரேற்று நிலையங்களை அதிகம் வைப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். பராமரிப்புச் செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனால் ஏழு மீட்டர் ஆழத்தில் உடைந்த குழாயைத் தேரோடும் வீதியில் தோண்டி எடுப்பதற்கு ஆகும் செலவையும், தேருக்கு முன் மண்ணைச் சரியாக இறுக்காமல் தார் போட்டுவிட்டு வடம் பிடிக்கும் நாளில் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதையும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஜெனரேட்டர் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர் பக்கம் எத்தனையோ கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

குடிநீர்ப் பக்கம் வருவோம். கொள்ளிடத்து மணலுக்குள் கிணறு இறக்கி, பக்கவாட்டில் துளைக் குழாய் நீட்டி எடுக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர். மணலே வடிகட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அந்த மணல்தான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. படுகையில் மணல் போகப் போக நீர்மட்டம் கீழே போகிறது, கிணறு முன்பு கொடுத்ததைக் கொடுப்பதில்லை. அதோடு வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஆறும் கொள்ளிடம்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் 1836இல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள். கிணற்றுக்கும் கரைக்கும் நடுவே குழாயைத் தாங்கும் தூண்கள் அந்த வேகத்துக்கு நிற்குமா என்று கேளுங்கள். பங்காளிகளும் அதிகம். கீழணையிலிருந்து வீராணம் வழியாகச் சென்னைக்கு 2004 முதல் போகிறது, உப்புத் தண்ணீர் உள்ள வேதாரண்யம் பக்கத்துக்கும் கொள்ளிடத்திலிருந்துதான் போகிறது.

கூடுதல் தண்ணீர் வந்தால் மட்டும் கடைசித் தெருவுக்குக் கிடைத்துவிடாது. இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை: தலைமடைக்காரர் மடையைத் திறந்துவிட்டால் கடைமடை காய்கிற கதைதான் குழாயிலும். முன் தெருக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுவார். பின் தெருக்காரர் அழுத்தம் போதாமல் வாசலில் இரண்டடிக் குழி வெட்டி, குழாயைக் கீழே இறக்கி, சொம்பில் மொண்டு குடத்தில் ஊற்றுவார். அந்தக் குழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாசி பிடித்த சிமென்ட், ஓரத்தில் நைந்த பிளாஸ்டிக் டியூப், மழை பெய்தால் தெருச் சாக்கடை நீரும் அதற்குள். தண்ணீர் நின்றதும் மெயின் குழாயில் வெற்றிடம் உண்டாகி, குழியில் கிடப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் பத்து நிமிடம் கலங்கலாக வருவதும், வார்டில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வருவதும் இதனால்தான். ஆகவே தண்ணீரை அதிகமாக்குவதற்கு முன், ஊரை மேல்நிலைத் தொட்டிவாரியாகப் பிரித்து, வால்வும் மீட்டரும் வைத்து, கடைசி வீட்டில் ஒரு மாடி ஏறும் அழுத்தமாவது இருக்கிறதா என்று பார்ப்பதே குடிநீர்ப் பக்கத்தில் முதல் வேலை. பல இடங்களில் புதுத் தண்ணீரே தேவைப்படாது.

கும்பகோணத்துக்காரர்கள் 2028 மகாமகத்தைச் சொல்வார்கள். நியாயம்தான், மாசியில் வருகிறது, மேட்டூர் மூடிய பிறகு. கூட்டமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்றாக வரும். ஆனாலும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கூட்டத்துக்கு நிரந்தரச் சுத்திகரிப்பு நிலையம் கட்டாதீர்கள். மற்ற நாளில் போதிய கழிவு வராமல் உள்ளே இருக்கும் நுண்ணுயிரே பட்டினி கிடக்கும். தற்காலிகக் கழிப்பறை, கழிவை எடுத்துப்போக லாரி, அதை இறக்க ஒரு இடம் போதும்.

கடைசியாக வீட்டு இணைப்பு. மெயின் குழாய் பதித்த பிறகு, டெபாசிட் கட்டிச் சேருங்கள் என்று வீட்டுக்காரரிடம் விட்டால் பாதிப் பேர் சேர மாட்டார்கள். செப்டிக் டேங்க் இருக்கிறதே, எதற்கு என்பார்கள். அது பெரும்பாலும் அடியில் சிமென்டே போடாத உறைகிணறு. வாசல் தொட்டி வரை இணைப்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, டெபாசிட்டைச் சொத்துவரியோடு தவணையாக வாங்குங்கள். திட்ட அறிக்கையை உங்களுக்குக் காட்டினால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போங்கள். எத்தனை வீட்டு இணைப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதை வார்டில் உள்ள மொத்த வீடுகளோடு ஒப்பிட்டு, மன்றக் கூட்டத்தில் கேளுங்கள்.