எழுதப்படாத நான்காம் இயல்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடன் பயன்பாடு பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கள ஆய்வு முடிந்து ஓராண்டு கடந்துவிட்டது. நான்காம் இயலை எழுத உட்கார்ந்தால் மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்கிறேன், விடைத்தாள் திருத்துகிறேன், அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன். நெறியாளரின் வாட்ஸ்அப் செய்தியைத் திறக்கவே அச்சமாக இருக்கிறது. நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

க.

அன்புள்ள க.,

எழுதாத நேரத்தில் நீங்கள் செய்வதாகச் சொல்லும் காரியங்கள் எவையும் சோம்பேறிகள் செய்பவை அல்ல. ஆகவே உங்கள் சிக்கல் நேரப் பற்றாக்குறை என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் மூன்று இயல்களில் பிறருடைய ஆய்வுகளும் ஆய்வுமுறையும் உங்களுக்குத் துணை நின்றன. நான்காம் இயலில்தான் 'நான் கண்டது இது' என்று உங்கள் பொறுப்பில் சொல்லியாக வேண்டும். கோப்பைத் திறந்ததும் தவறிவிடுவோமோ என்ற அச்சம் எழுகிறது, மூடியதும் அது தணிகிறது, அந்த நிம்மதியே மறுநாளும் உங்களை மூடவைக்கிறது. ஃபியூஷியா சிரோயிஸ், திமோதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையும் தள்ளிப்போடுதலை இவ்வாறே, அப்போதைய மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாகவே விளக்குகிறது.

கால அட்டவணை போட்டு அது பொய்த்துப்போவதும் உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இளநிலை மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். முடிக்க 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே தடங்கலானால் எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது. எனவே நீங்கள் ஒரு மாதம் என்று நினைக்கும் வேலைக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

நாளைக் காலை முதல் வகுப்புக்கு முன் கிடைக்கும் அரைமணி நேரத்தில் 'நான்காம் இயல்' என்ற பெயருள்ள கோப்பைத் திறக்கவே வேண்டாம். புதிய கோப்பொன்றில் ஒரே ஓர் அட்டவணையை, உதாரணமாகக் கடன் தொகையை எதற்குச் செலவிட்டார்கள் என்று காட்டும் அட்டவணையை, ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் கீழே எந்தச் செலவு மிகுதி, எது மிகக் குறைவு, எந்த எண் நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கிறது என்று மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். மேற்கோள் தேவைப்படும் இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி இட்டுவிட்டு மேலே செல்லுங்கள். உங்களைப் பொறுத்தவரை மேற்கோள் பட்டியல்தான் மிகக் கண்ணியமான மறைவிடம், ஏனென்றால் அங்கே இருக்கும்போது ஆய்வு நடப்பதாகவே தோன்றும். மூன்றாவது வாக்கியத்தில்தான், அதாவது எதிர்பாராத அந்த எண்ணில்தான், உங்கள் இயல் தொடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடன் வாங்கிய பெண்களிடம் நேரில் பேசியவர் நீங்கள். அந்த எண்ணுக்குக் காரணம் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் வேறு யார்?

கழிந்த ஓராண்டுக்காக உங்களையே கடிந்துகொள்வதை நிறுத்துங்கள் என்பதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று கனடாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. குற்றவுணர்வும் கோப்பை மூடவைக்கும் கசப்புகளில் ஒன்றுதான்.

நெறியாளரின் செய்தியை இன்றே திறந்துவிடுங்கள். தாமதத்துக்கு நீண்ட விளக்கம் எழுத வேண்டாம். இரண்டு அட்டவணைகளும் அவற்றுக்கான அரைகுறை விளக்கங்களும் கொண்டுவருகிறேன் என்று மட்டும் எழுதி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை அந்தப் பதிலிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.