எங்கள் வீட்டின் பின்புறம் டெக் என்னும் மரத்தளம் உண்டு, சுவர் வைனைல் என்னும் பிளாஸ்டிக் பலகை போர்த்தியது. அங்கே ஸ்மோக்கர், அதாவது இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் அடுப்பு, வாங்கி வைத்துச் சமைத்தால் தீப்பிடிக்குமா? வேண்டாம் என்று மனைவி அஞ்சுவதில் பொருள் உண்டா?

பொருள் உண்டு. ஆனால் உங்கள் மனைவி அஞ்சும் நேரம் வேறு, ஆபத்து வரும் நேரம் வேறு என்பது என் அனுபவம். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. டெக் என்றும் வைனைல் சுவர் என்றும் எழுதியிருப்பதால், அமெரிக்காவில் அண்மையில் தனிவீடு வாங்கியவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வட கரோலினாவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். என் வீட்டில் கார் நிறுத்தும் கராஜின் பக்கச் சுவரும் அதற்கு மேலிருந்த கூரையில் ஒரு பகுதியும் ஸ்மோக்கரால் எரிந்துபோயின. ஸ்மோக்கரால் என்று சொல்வதும் முறையில்லை, என்னால் எரிந்துபோயின.

வாடகைக் குடியிருப்பில் இருந்தவரை எங்களுக்கு இந்த வாய்ப்பே இல்லை. இங்குப் பல மாநிலங்கள் பின்பற்றும் தீத்தடுப்பு விதித்தொகுப்பின்படி, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மரக்கரி அடுப்பை எரியக்கூடிய பால்கனியிலோ எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளோ மூட்டக்கூடாது. தண்ணீர்த் தெளிப்பான் பொருத்திய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் எங்கள் குடியிருப்பு நிர்வாகம் எதற்கும் இடம்கொடுக்கவில்லை. சொந்த வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் தெரிந்துகொண்டது, ஒரு குடும்பமோ இரு குடும்பங்களோ வாழும் வீடுகளுக்கு அந்த விதி பொருந்தாது என்பதுதான். அதை விடுதலையாக எண்ணி மகிழ்ந்தேன். தனிவீட்டின் மரச்சட்டம் அடுக்குமாடியின் மரச்சட்டத்தைப் போலவேதான் எரியும் என்பது அப்போது தோன்றவில்லை. விதி எனக்குப் பொருந்தாவிட்டாலும் அதிலுள்ள 10 அடி பொருந்தும் என்பதை இன்று யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

அது ஜூலை மாதம். வீட்டுக்கு வெளியே வைத்துச் சமைக்கும் அடுப்புகளால் இந்த நாட்டில் ஏற்படும் தீவிபத்துகள் ஆண்டிலேயே அதிகம் நிகழும் மாதம் அதுதான் என்று பின்னால் படித்தேன். மகனின் பிறந்தநாளுக்காக இரண்டு ஆட்டுத்தொடைகளுக்கு மிளகு, சீரகம், பூண்டு அரைத்துத் தடவி இரவெல்லாம் ஊறவைத்து, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்மோக்கரில் ஏற்றினேன். மரக்கரிக்கு மேல் ஹிக்கரி மரத்துண்டுகள். வெப்பம் 110 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி காற்றுத்துளையை அரை விரற்கடை திறப்பதும் மூடுவதுமாக ஏழு மணி நேரம் அதன் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தோட்டக்குழாயில் தண்ணீர் தயாராக இருந்தது, தீயணைப்பு உருளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, குழந்தைகள் நெருங்காதிருக்கக் கயிறுகூடக் கட்டியிருந்தேன். என்னைக் கவனமில்லாதவன் என்று சொல்ல வருபவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். தீ எரிந்தவரை நான் கவனமாகத்தான் இருந்தேன்.

மாலையில் காற்றுத்துளைகள் அனைத்தையும் அடைத்து மூடியையும் இறுக்கினேன். காற்றில்லாமல் கரி தானே அணைந்துவிடும் என்பது சரியான முறைதான்; இன்றும் அப்படித்தான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திறந்தபோது, அடைத்து ஏறத்தாழ இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வெளிப்புறத் தகட்டைத் தொட்டுப்பார்த்தேன். வெயிலின் சூட்டைத் தவிர வேறு சூடு இல்லை. மறுநாள் காலை குப்பை வண்டி வரும் நாள் என்பதால், சாம்பலை ஒரு தடித்த காகிதப் பையில் வாரி, நகராட்சி தந்த சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் போட்டேன். அதற்குள் முந்தைய நாள் விருந்தின் காகிதத் தட்டுகளும் எண்ணெய் துடைத்த காகிதங்களும் விளிம்புவரை நிறைந்திருந்தன. தொட்டியை வழக்கம்போலக் கராஜ் சுவரை ஒட்டி நிறுத்தினேன்.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். “கங்கு அவிஞ்சிருச்சான்னு பாத்தியா தம்பி?” என்று கேட்டார். “நேத்தே அவிஞ்சிருச்சும்மா” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டேன். உங்கள் கேள்வியைக் கண்டதும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

இரவு ஒன்றரை மணிக்கு அழைப்புமணி விடாமல் அடித்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் செவிலியர் ஒருவர் மருத்துவமனைப் பணி முடிந்து திரும்பியவர், காரை விட்டு இறங்கும்போது எங்கள் கராஜின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குத் தீ எரிவதைப் பார்த்திருக்கிறார். 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அவரே அழைத்துவிட்டுத்தான் எங்கள் கதவுக்கு வந்தார். வீட்டில் அறைக்கு ஒன்றாகப் புகை எச்சரிக்கைக் கருவிகள் இருந்தன. அனைத்துக்கும் அந்த ஆண்டுதான் பேட்டரி மாற்றியிருந்தேன். அவற்றில் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. அவற்றின்மேல் பழியில்லை, ஏனெனில் தீ வெளியே இருந்தது. புகை உள்ளே நுழைந்தால்தான் அவை ஒலிக்கும். வெளிச்சுவரில் தொடங்கும் தீயில் அதற்குள் கூரை பற்றிவிடக்கூடும். கருவிகள் இருக்கின்றன என்ற தைரியத்தில் நீங்கள் இருந்தால், அவை வீட்டின் உட்புறத்துக்கு மட்டுமே காவல் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மனைவி மகனைத் தூக்கிக்கொண்டார். நான் அம்மாவைக் கைத்தாங்கலாக எதிர்ப்புற நடைபாதைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். பிறகு தோட்டக்குழாயை இழுத்துச் சுவரில் தண்ணீர் பாய்ச்சினேன். அது வீரமில்லை, முட்டாள்தனம். கராஜுக்குள் காரும், புல்வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிய பெட்ரோல் கேனும் இருந்தன என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நம் ஊரில் செங்கல், சிமெண்டு வீட்டில் வளர்ந்த நமக்கு, சுவரே எரியும் என்பது மனத்தில் பதிவதில்லை. வைனைல் எளிதில் தீப்பற்றும் பொருள் இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸிலேயே அது இளகத் தொடங்கிவிடுகிறது. எரிவதற்கு முன்பே தொங்கி, சுருண்டு, கழன்று விழுந்துவிடுகிறது. அப்படி விழும்போது பின்னாலிருக்கும் மரச்சீவல் பலகை திறந்துகிடக்கிறது. அதைவிடப் பெரிய கேடு மேலே நடக்கிறது. கூரை நீட்சியின் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்காகத் துளையிட்டுப் பொருத்திய வைனைல் தகடும் இளகி விழ, அந்த வழியாகத் தீ நேரே கூரைக்கடியிலுள்ள ஆட்டிக்குக்குள் ஏறிவிடுகிறது. குப்பைத்தொட்டியோ மெழுகைப் போல உருகி எரியும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆக, சுவரோரம் ஒரு பெரிய மெழுகுவர்த்தியை நானே நிறுத்தி, அதற்குள்ளேயே நெருப்புக் கங்குகளையும் வைத்திருக்கிறேன்.

தீயணைப்பு வீரர்கள் சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். உள்ளே யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்ட பிறகு, சுவரில் எரிந்துகொண்டிருந்த தீயை ஒரே பாய்ச்சலில் அடக்கிவிட்டு, நான் எதிர்பார்க்காத வகையில் வீட்டுக்குள் ஓடினார்கள். நீண்ட கொக்கியால் கராஜின் உட்கூரையைக் கிழித்து இறக்கி, வெப்பத்தைக் காட்டும் கேமராவால் ஆட்டிக்கை ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்கள். வீட்டை அழிக்கிறார்களே என்று மனம் பதைத்தது. அவர்கள் கிழித்த இடத்துக்கு மேல்தான் இரண்டு மரச்சட்டங்கள் கனன்றுகொண்டிருந்தன.

விடிந்த பிறகு வந்த விசாரணை அதிகாரி, கடைசியாக எப்போது சமைத்தீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. சாம்பலை எப்போது அள்ளினீர்கள் என்று கேட்டார். இருபத்திரண்டு மணி நேரம் கழித்து என்று நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். நான்கு நாள்கூடக் கங்கு உயிரோடு இருக்கும் என்றார். சாம்பல் வெப்பத்தைக் கடத்தாத போர்வை. அதற்குள் புதைந்த கட்டைக்கரி, கிடைக்கும் சிறிதளவு காற்றிலேயே மெல்லக் கனன்றுகொண்டிருக்கிறது. வெளியே தொட்டால் குளிர்ச்சிதான். நான் அதை வாரிப் பையில் கொட்டியபோது, போர்வையை விலக்கிக் காற்றையும் கொடுத்து, பக்கத்தில் காகிதத்தையும் வைத்தேன். நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை முறை மேடைகளில் அரசியலுக்கும் காதலுக்கும் உவமையாகக் கேட்டிருப்போம்! அது முதலில் சாம்பலைப் பற்றிய செய்தி என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் உறைத்தது.

அம்மா அன்று என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தங்கும் விடுதியில் காபி குடிக்கும்போது மட்டும், விளக்கு வைத்த பிறகு அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டக்கூடாது என்று தன் மாமியார் விதித்திருந்ததை நினைவுபடுத்தினார். புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் அது. சிறுவயதில் அந்த விதியைக் கேட்டு, லட்சுமி போய்விடுவாள் என்பதுபோன்ற மூடநம்பிக்கை என்று சிரித்தவன் நான். “லட்சுமியாவது ஒண்ணாவது, பக்கத்துல வைக்கப்போரு இருந்துச்சு, ராத்திரி எல்லாரும் தூங்கிருவாக” என்றார் அம்மா.

உடனே, நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று நான் பழம்பெருமை பேசுவதாக யாரும் கிளம்ப வேண்டாம். அந்த விதி இருந்த அதே ஊரில் கூரைவீடுகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. நான் சொல்வது, அடுப்போடு நாள் முழுவதும் வாழ்ந்தவர்களுக்கு அணைந்த அடுப்பைப் பற்றிய அச்சம் இருந்தது. பொத்தானைத் திருகி வளர்ந்த எனக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

இறைச்சியைச் சுட்டதனால் வந்த வினை என்று எங்கள் வட்டத்திலேயே சிலர் சொன்னார்கள். இங்கும் சொல்ல வருவார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். இந்த நாட்டில் வீட்டுத் தீவிபத்துகளுக்கு முதற்காரணம் சமையல்தான், அதிலும் பெரும்பங்கு வீட்டுக்குள் இருக்கும் சாதாரண அடுப்பில் தொடங்குவது. எங்கள் வீட்டிலேயே அதற்கு முந்தைய தீபாவளியில், சைவமான முறுக்குச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. மின்னடுப்பில் சுடர் தெரியாது. அணைத்த பிறகும் சூடு இறங்காது. எண்ணெய் புகையத் தொடங்கியதைப் பார்க்காமல் வாசலில் விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டோம். மிகையாகக் காய்ந்த எண்ணெய்க்குச் சுடர் தேவையில்லை, தானே பற்றும். நான் தண்ணீரை எடுக்க ஓடினேன். மனைவி என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, கேக் சுடும் தட்டை எடுத்துச் சட்டியின்மேல் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, அடுப்பை அணைத்தார். தண்ணீர் ஊற்றியிருந்தால் அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, கணப்பொழுதில் ஆயிரத்து எழுநூறு மடங்கு நீராவியாகப் பெருகி, எரியும் எண்ணெயை மேற்கூரைவரை வீசியிருக்கும். மூடிய தட்டைச் சட்டி ஆறும்வரை அவர் திறக்க விடவில்லை. ஆகவே உங்கள் மனைவி அஞ்சுவதை ஏளனமாக எண்ணாதீர்கள்.

கேள்விக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தந்துவிட்டது; அதில் எனக்குக் குறையில்லை. எரிந்த பக்கத்துக்கு மட்டும் புதிய வைனைல் போட்டார்கள். பதினைந்து ஆண்டு வெயிலில் வெளுத்த பழைய சுவரோடு புதிய பலகையின் நிறம் ஒத்துப்போகவில்லை. இதை யாரால் ஒத்துப்போகச் செய்ய முடியும்? ஆனால் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து, வீடு எரிந்தபோது ஒரு வார்த்தை விசாரிக்காதவர்கள், முப்பது நாளுக்குள் சுவரின் நிறத்தைச் சீராக்க வேண்டும் என்று பதிவுத் தபால் அனுப்பினார்கள். சுவரோரம் குப்பைத்தொட்டி தெருவிலிருந்து தெரியக்கூடாது, அதைக் கராஜின் பக்கவாட்டில்தான் மறைத்து வைக்க வேண்டும் என்று முன்னர் கடிதம் எழுதியவர்களும் அவர்களே. சுவரை ஒட்டி வைக்கச் சொன்ன விதியைப் பற்றிக் கூட்டத்தில் நான் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்குங்கள். டெக்கின்மேல் வைக்காதீர்கள், கூரை நீட்சிக்கு அடியிலும் வேண்டாம். மழை வந்தால் கராஜுக்குள் இழுத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம், அங்கே தீயைவிட, கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி முதலில் கொல்லும். உள்ளே வழிந்த கொழுப்பு பற்றிக்கொண்டால் மூடியைத் திறக்கத்தான் கை போகும். திறந்தால் காற்று கிடைத்துச் சுடர் முகத்துக்கு வரும், ஆகவே மூடியபடியே காற்றுத்துளைகளை அடையுங்கள். கொழுப்புத் தட்டை ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டால் பெரும்பாலும் அந்த நிலையே வராது. மரக்குருணை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) போட்டு மின்சாரத்தில் ஓடும் வகையை வாங்குவதாக இருந்தால், நடுவில் தீ அணைந்துபோனால் தீ எரியும் கிண்ணத்தில் சேர்ந்துவிட்ட குருணையை அள்ளாமல் மறுபடி மூட்டாதீர்கள். அத்தனையும் ஒன்றாகப் பற்றும்.

என் ஸ்மோக்கர் இப்போது வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் 10 அடிக்குக் குறையாமல், சிமெண்டுப் பலகைகளின்மேல் நிற்கிறது. சாம்பலைக் காகிதத்தில் வாருவதில்லை. இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, சீறும் ஒலி நின்ற பிறகும் மறுபடி ஊற்றிக் கிளறி, வாளியையும் அதே சிமெண்டுப் பலகையின்மேல் வைத்துவிடுகிறேன். சனிக்கிழமை சமைத்த சாம்பல் திங்கட்கிழமை வண்டியில் போவதில்லை. அடுத்த திங்கட்கிழமை வண்டியில்தான் போகிறது.