லினக்ஸ் கணினியில் கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த டிரைவர் போடுவது, அதை எப்படிச் சரியாக அமைப்பது?

லினக்ஸ் நிறுவிய பிறகு வீடியோ திணறுகிறது, எந்த டிரைவர் போட்டால் வேகம் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எதையும் போடாதீர்கள். முதலில் இப்போது எந்த டிரைவர் ஓடுகிறது என்று பாருங்கள்.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' தேர்வோடு (lspci -k) கொடுத்தால், கார்டின் பெயருக்குக் கீழே கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, எந்த டிரைவரைப் பயன்படுத்துகிறது என்று வரும். அடுத்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளை. அதில் ரெண்டரர் என்ற வரியில் 'எல்எல்விஎம்பைப்' (llvmpipe) என்றிருந்தால் உங்கள் கார்டு சும்மா இருக்கிறது, படம் முழுவதையும் சிபியு வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் ஏஎம்டி கார்டில் இதே திணறல் வந்தபோது, ஒரு வாரம் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் வேறு. நிறுவும்போது திரை இருண்டதால் பூட் செய்யும் நிரலான கிரப்பின் அமைப்பில் 'நோமோட்செட்' (nomodeset) என்று நானே சேர்த்திருந்தேன். அது அப்படியே தங்கிவிட்டது. அது இருக்கும்வரை கார்டின் கெர்னல் டிரைவர் எழும்பாது. அந்த ஒரு சொல்லை நீக்கியதும் எல்லாம் சரியாயிற்று. நீங்களும் முதலில் அங்கே பாருங்கள்.

ஏஎம்டி, இன்டெல் என்றால் தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெலுக்கு ஐ915, புதிய சிப்களுக்கு எக்ஸ்இ. நிரல்கள் கார்டில் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் இரண்டையும் மேசா என்ற திறமூல நூலகத் தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. கார்டு புதிது, டிஸ்ட்ரோ (நீங்கள் நிறுவிய லினக்ஸ் வகை) பழையது என்றால் கெர்னல், மேசா, ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) தொகுப்பு மூன்றையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

என்விடியாவில்தான் யோசிக்க வேண்டும். நோவோ என்ற திறமூல டிரைவர் தன்னார்வலர்கள் வன்பொருளை ஆராய்ந்து ஆராய்ந்து எழுதியது; அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் கடிகார வேகத்தை உயர்த்த நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வேண்டும். அது கிடைக்காததால் நோவோவில் அந்தக் கார்டுகள் பூட் ஆகும்போதிருந்த குறைந்த வேகத்திலேயே நிற்கும். விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ வேண்டுமென்றால் அவற்றுக்கு நிறுவனத்தின் மூடிய டிரைவர்தான். அதிலும் 580 டிரைவர் வரிசையே அவற்றுக்குக் கடைசி. டூரிங் என்ற சிப் தலைமுறை முதல் வந்த கார்டுகளுக்கு, அதாவது 1600, 2000 வரிசைகளிலிருந்து, என்விடியாவே 2022இல் வெளியிட்ட திறமூல கெர்னல் மாட்யூலை (கெர்னலில் ஏறும் டிரைவர் பகுதி) தேர்ந்தெடுங்கள். 5000 வரிசைக்கு அது மட்டும்தான். கெர்னல் பகுதி மட்டுமே திறந்தது, அதற்கு மேலுள்ள நூலகங்கள் இன்னும் மூடியவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எதுவானாலும் டிஸ்ட்ரோவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். என்விடியா தளத்திலிருந்து இறக்கிய கோப்பை நேரடியாக ஓட்டினால், அடுத்த கெர்னல் அப்டேட்டில் மாட்யூல் பொருந்தாமல் கறுப்புத் திரை வரலாம். கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் மாட்யூலுக்குக் கையொப்பமும் வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி பூட் ஆகும்போது நீலத் திரையில் அதே சொல்லைக் கொடுத்துச் சாவியைப் பதிய வேண்டும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் நிறுவியிருந்தும் ஏறாது.

இனி வீடியோ. பிரௌசரில் படம் திணறினால் விஏஇன்ஃபோ (vainfo) கட்டளையை ஓட்டி, பரவலான வீடியோ வடிவமான எச்264 பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோ காப்புரிமைக் காரணத்தால் 2022 முதல் மேசாவில் கார்டு அந்த வடிவத்தை டிகோடு செய்யும் வசதியை நீக்கித் தருகிறது. அதில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து மாற்றுத் தொகுப்பு போட வேண்டும். படம் குறுக்கே கிழிந்ததுபோல் தெரிந்தால் திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11ஐ விட்டு, புதிய முறையான வேலேண்டுக்கு மாறிப் பாருங்கள். என்விடியா கார்டில் அதற்கு 555 அல்லது அதற்குப் பிந்தைய டிரைவர் இருக்கட்டும். வேலேண்டில் திரை மினுக்குவது அதில்தான் பெருமளவு அடங்கியது.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப்பில் எல்லாவற்றையும் பெரிய கார்டில் ஓட்டாதீர்கள், பேட்டரி தாங்காது. மேசா டிரைவர்களில் டிஆர்ஐ_பிரைம் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து (DRI_PRIME=1), வேண்டிய நிரலை மட்டும் அதில் திறக்கலாம்.

ஏதாவது மாற்றிய பிறகு திரை வரவில்லையென்றால் பதறாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை கிடைக்கும்; கடைசியாகப் போட்டதை அங்கிருந்தே நீக்கிவிடலாம்.