உறுத்துகிறது ஐயா: லெந்து நாள் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ச் சபைகளில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்களில் பாவ அறிக்கை பற்றிப் பேசாத ஞாயிறு இல்லை. ஆனால் ஆராதனை முடிந்து வெளியே காப்பி குடிக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வருகின்றன. அதனால் இந்த முறை, பெயர் போடாமல் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கமிருந்தும் சீட்டுகள் வந்தன. நான் போதகர் இல்லை. தமிழ்ப்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, அவ்வப்போது பிரசங்கம் செய்யும் ஆள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற ரப்பர் தோட்டத்துக் கிராணி (கணக்கர்): ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும்போது அளவைக் குறைத்து எழுதியிருக்கிறேன். மேலே இருந்தவர்களிடம் நல்ல பேர் வாங்கத்தான். ஆண்டவரிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நிம்மதி இல்லை. தோட்டமும் இப்போது வீடமைப்புத் தாமான் ஆகிவிட்டது.

ஐயா, தெரியாதவர்களுக்காக முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மரம் சீவும் வெட்டுக்காரர் கொண்டுவரும் பாலில் பெரும்பங்கு தண்ணீர். மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்து எழுதுவார்கள், கூலி அதன்படிதான். 40 கிலோ பாலில் 33 விழுக்காடு என்றால் 13.2 கிலோ. அதையே 30 என்று எழுதினால் 12 கிலோ. பேனா கொஞ்சம் இறங்கினால் ஒரு நாளில் 1.2 கிலோ போய்விடும். விடிவதற்கு முன்னால் மரத்தடிக்குப் போன பெண்ணின் உழைப்பு அது. இப்படி எத்தனை வருடம் நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் ஆண்டவரிடம் கேட்டது சரி. ஆனால் கடன் ஆண்டவரிடம் மட்டும் இல்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், எடுத்ததை முழுவதும் திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். வாங்கிக்கொள்ள உரியவரும் இல்லை, அவருக்கு இனத்தாரும் இல்லை என்றால்தான் அது ஆண்டவருக்குப் போகிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். நாமோ தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, அதில் பெயரையும் எழுதிவிடுகிறோம். சகேயு அப்படிச் செய்யவில்லை. லூக்கா 19இல், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்று சொன்னவன் அத்தோடு நிற்காமல், ‘அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன்’ என்கிறான். தர்மம் வேறு, கடன் வேறு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வரி வசூலித்தவன் அல்லவா!

நடைமுறைக்கு வருவோம். பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்களில் சிலர் இங்கேதான் மலிவு வீடுகளில் இருக்கிறார்கள். பலர் இறந்திருக்கலாம், பிள்ளைகள் ஈப்போவிலோ கிள்ளானிலோ இருப்பார்கள். நினைவில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாருக்கும் முழுக்கணக்கு தீர்க்க முடியாது. முடிந்த சில வீடுகளுக்காவது நேரில் போய், “இப்படிச் செய்தேன்” என்று சொல்லி, கையிலிருப்பதைக் கொடுங்கள். சிலர் ஏசுவார்கள், ஏசட்டும். யாரையும் கண்டுபிடிக்க முடியாத பங்கை, பெயர் போடாமல், பழைய தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் படிப்புச் செலவுக்குக் கொடுங்கள். பரலோகத்தை விலைக்கு வாங்க இதைச் செய்யச் சொல்லவில்லை. மன்னிப்பு இலவசம். ஆனால் சம்பளம் இலவசம் இல்லை.

ஞாயிறு பள்ளி மாணவன்: அப்பா சட்டைப் பையிலிருந்து 5 வெள்ளி எடுத்துவிட்டேன். இயேசுவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் சொல்ல வேண்டுமா?

ஆமாம் தம்பி. மேலே கிராணி தாத்தாவுக்குச் சொன்ன சட்டப்படி 6 வெள்ளி கொடு.

செம்பனை லோரி ஓட்டுபவர்: மில்லுக்குப் போகும் வழியில் சில குலைகளை இறக்கி விற்பது எங்களுக்குள் சகஜம். ஆரம்பத்தில் உறுத்தியது. இப்போது இல்லை. ஆண்டவர் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. மனச்சாட்சியில் சூடுண்டவர்கள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் சொல்லுகிறார். சூடுபோட்ட இடத்தில் வலி தெரியாது. வலி போனதற்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உறுத்தல் திரும்பி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அடுத்த நடையிலேயே நிறுத்துங்கள். மனந்திரும்புவதற்கு அழுகை வந்தே ஆக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

ஒரு சகோதரி: என் அக்கா இந்து. மாரியம்மன் கோயில் திருவிழா அன்று அவர் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். அது படைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் பாஸ்டர் உபவாசம் இருந்து மனந்திரும்பச் சொல்லுகிறார். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

அம்மா, தூங்குங்கள். நம் ஊரில் பாதி வீடுகளில் இந்தக் கதைதான். ஒரே குடும்பத்தில் ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் சர்ச்சுக்கும் போகிறோம், தைப்பூசத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல்.

கொரிந்து பட்டணத்திலும் இதே தகராறுதான். 1 கொரிந்தியர் 10இல் பவுல் இரண்டு பக்கமும் பேசுகிறார். விக்கிரக வழிபாட்டில் பங்கெடுக்காதே என்பதில் அவர் கண்டிப்பு. ஆனால் விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடு என்கிறார். ‘இது படைக்கப்பட்டது’ என்று ஒருவர் சொன்னால் சாப்பிட வேண்டாம் என்கிறார். அதற்குச் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக. நீங்கள் தெரியாமல், அக்கா அன்பாகக் கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். இதில் அறிக்கையிட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் என்னோடு பேசட்டும், பொங்கல் இல்லாமல் வெறும் தேநீர் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருடத்துக்கு ஒரு வழி: “படைக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் எடுத்து வைங்கக்கா” என்று கேட்டுவிடுங்கள். எத்தனையோ அக்காமார் கேட்காமலேயே எடுத்து வைக்கிறார்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பெண்: 2020 ஏப்ரலில் அம்மா இறந்தார். வர முடியவில்லை. அதற்கு முன்னாலும் நான் அதிகம் போன் செய்ததில்லை. கேட்க அம்மா இல்லை. இந்தக் குற்ற உணர்வை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மகளே, உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. எல்லை மூடல், மாநிலம் கடக்கத் தடை, திரும்பி வந்தால் 14 நாள் தனிமைப்படுத்தல். நீங்கள் வராதது பாவம் இல்லை, துக்கம். துக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால் அது தீராது, ஏனென்றால் மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. அழ வேண்டும், அவ்வளவுதான். அடக்கத்துக்கு வர முடியாததால் அந்த அழுகை பாக்கி இருக்கிறது. கல்லறைக்குப் போய் அழுதுவிட்டு வாருங்கள்.

போன் செய்யாமல் இருந்தது வேறு. அதை நான் லேசாக்கிச் சொல்லப்போவதில்லை, நீங்களும் அதற்காகக் கேட்கவில்லை. அதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். நம்முடைய இருதயம் நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுகிறார். அப்புறம், உங்கள் சீட்டின் கடைசி வரியில் அம்மாவை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அண்ணனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா? அம்மாவிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்கலாம். அவர் தனியாகச் சுமந்தவர்.

கணவர் கத்தோலிக்கர், மனைவி மெதடிஸ்ட்: அவர் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். நான் நேரே ஆண்டவரிடம் சொல்லுகிறேன். எது சரி?

இந்தச் சண்டையில் நான் நடுவராக வர மாட்டேன். ஆனால் இரண்டு பேருக்கும் ஒன்று சொல்லலாம். யூதாசும் பாவ அறிக்கை செய்தவன்தான். “குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன்” என்று ஒத்துக்கொண்டான், 30 வெள்ளிக்காசையும் திருப்பினான். யாரிடம் போனான்? பிரதான ஆசாரியரிடம். அவர்கள் சொன்ன பதில்: “எங்களுக்கென்ன, அது உன்பாடு.” பேதுருவும் அதே இரவில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான். ஆனால் அவன் மற்ற சீஷர்கள் இருந்த பக்கத்திலேயே கிடந்தான். ஃபாதரின் காதில் விழுந்தது வெளியே போகாது, அது கத்தோலிக்கச் சபையின் கண்டிப்பான சட்டம். நம் மெதடிஸ்ட் பக்கத்தில் அப்படி ஒரு காது குறைவு. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லுகிறது. வாய் காக்கத் தெரிந்த ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள் அம்மா. சபை வாட்சாப் குழு அதற்கு ஆகாது.

கல்லூரி மாணவர்: ஒரே பாவத்துக்குத் தினமும் பலமுறை மன்னிப்புக் கேட்கிறேன். சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம் வந்து மறுபடி தொடங்குகிறேன். மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. மாற்கு 3இல் இயேசு அதைச் சொன்னது, அவர் குணமாக்கியதைப் பார்த்துவிட்டு அசுத்த ஆவியின் வேலை என்று சொன்னவர்களிடம். அவர்களுக்கு உங்களைப்போல் பயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. மார்ட்டின் லுத்தர் மடத்தில் இருந்தபோது மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து, அவருடைய பாவ அறிக்கையைக் கேட்ட பொறுமைசாலியான குரு ஸ்டௌபிட்ஸையே களைக்க வைத்தவர். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வேதனைப்பட்டார். பழைய பாவங்களில் மிகத் தெளிவாகத் தெரிவதை மட்டும் சொல் என்று குரு கட்டளையிட, எல்லாமே தெளிவாகத்தானே தெரிகிறது என்று அவர் தவித்தார்! மனச்சாட்சி ஒரு தராசு, முள் வளைந்தால் வெறும் தட்டும் கனம் காட்டும். ஒருமுறை சொன்னதோடு விடுங்கள், சந்தேகம் வந்தால் பதில் சொல்லாமல் எழுந்து வேறு வேலை பாருங்கள். ஜெபத்தோடு நிற்காமல் கை கழுவுவது, கதவைச் சரிபார்ப்பது என்றும் இது பரவியிருந்தால், அரசு சுகாதார கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தும் பயிற்சியும் உள்ள நோய் அது. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு மனைவி: என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தில் அழுது மன்னிப்புக் கேட்பார். மன்னிக்காவிட்டால் எனக்குத்தான் பாவம் என்கிறார்கள்.

அக்கா, தாவீதைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவும் அழுதான். 1 சாமுவேல் 24இல் சத்தமிட்டு அழுது, நீ என்னைப் பார்க்கிலும் நீதிமான் என்று தாவீதிடம் சொன்னான். 26ஆம் அதிகாரத்தில் 3000 பேரோடு மறுபடி தேடி வந்தான், மறுபடி “பாவஞ்செய்தேன், திரும்பி வா” என்றான். தாவீது அவனைக் கொல்லவில்லை. சவுலின் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. ஆண்டவர் தாவீதைக் குறை சொன்னதாக அங்கே ஒரு வரியும் கிடையாது.

மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான்ஸ்நானன் கேட்டான். உங்கள் வீட்டில் அந்தக் கனி எது? குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போவது, சம்பளத்தை உங்கள் கையில் கொடுப்பது, நீங்கள் பாதுகாப்பாக வேறு இடத்தில் இருக்கும்போது வந்து தொந்தரவு செய்யாமல் இருப்பது. இவற்றைப் பல மாதம் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம். கோபத்தை ஆண்டவரிடம் விடுவது ஒன்று, அடி விழும் வீட்டில் நிற்பது வேறு. உங்களிடம் ‘மன்னி’ என்று சொல்லும் பெரியவர்கள், அவரிடம் ‘நிறுத்து’ என்று சொன்னார்களா என்று கேளுங்கள்.

1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. சமூக நல அதிகாரி 7 நாளுக்கான அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், அதற்கு முதலில் போலீஸ் புகார்கூடத் தேவையில்லை. அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணில் இரவு பகல் எப்போதும் பேசலாம். காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் காட்டி, எப்படி வந்தது என்று உண்மையைச் சொல்லிப் பதிய வையுங்கள். “கால் தவறி விழுந்தேன்” என்று சொல்ல வேண்டாம். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அப்படி வீடு இல்லை என்றால், என் மனைவியிடம் கொடுங்கள், எதுவும் கேட்க மாட்டாள்.