பழைய திரை: வாசகர் கேள்வி பதில்

அப்பா காலமானபின் ஸ்டோர் அறையைத் திறந்தோம். இரண்டு பெட்டி நிறைய வீடியோ டேப். எண்பதுகளில் மலேசிய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் வந்த தமிழ்ப் படம், நாடகம், தீபாவளி நிகழ்ச்சி என்று பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் தன் கையால் பெயர் எழுதி வைத்திருக்கிறார். சிலவற்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. மகன் தூக்கிப் போடச் சொல்கிறான். பழைய பிளேயர் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா ஐயா?
- வாசகி, பட்டர்வொர்த்

தூக்கிப் போட வேண்டாம் அம்மா. அவசரப்பட்டு பிளேயரிலும் போட வேண்டாம். அந்த வெள்ளைப் படிவு பூஞ்சை. நம் பினாங்கு ஈரக் காற்றில் மூடி வைத்த டேப்புக்கு இது வரத்தான் செய்யும். அப்படியே ஓட்டினால் பூஞ்சை பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல டேப்பிலும் ஏறும். நாடா அறுந்து போகவும் கூடும்.

முதலில் ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாக, பளபளப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைத் திட்டு தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வையுங்கள். அதைச் சுத்தம் செய்யும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் துணியால் துடைக்க வேண்டாம். நல்ல டேப்புகளில், லேபிள் ஒட்டும் முதுகின் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்து விட்டால் மேலே யாரும் தவறிப் பதிவு செய்ய முடியாது. எல்லாவற்றையும் நிமிர்த்தி அடுக்கி, காய்ந்த அறையில் வையுங்கள். படிக்கட்டுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

அப்புறம், எதை முதலில் கணினிக்கு மாற்றுவது? இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். சினிமாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுனில் வீடியோ கடை நடத்தியவன் என்பதால் சொல்கிறேன்: நான் வாடகைக்கு விட்ட படங்கள் ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராகப் பிரதி இருந்தது. உங்கள் அப்பா பதிவு செய்த உள்ளூர் நாடகத்துக்கும் தீபாவளி நிகழ்ச்சிக்கும் இந்த ஒரே டேப்தான் மிச்சம் என்றுகூட இருக்கலாம். டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில், உலகத்தில் பல தொலைக்காட்சி நிலையங்கள் பழைய நிகழ்ச்சியை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவு செய்தன. பிபிசியே அப்படித்தான் நிறைய இழந்தது. ‘டாக்டர் ஹூ’ தொடரில் தொலைந்ததாக எண்ணிய 9 பகுதிகள் 2013இல் நைஜீரியாவில் கிடைத்ததாக அறிவித்தபோது இங்கிலாந்தே கொண்டாடியது. நம் கலைஞர்களின் நாடகத்துக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

மாற்றும்போது விளம்பரம், செய்தி, அறிவிப்பாளர் பேசும் துண்டு எதையும் வெட்டாதீர்கள். எந்த வருடத்துப் பதிவு என்று கண்டுபிடிக்க அவைதான் உதவும். தனியார் நிலையமான டிவி3இன் சின்னம் தெரிந்தால் அது 1984 ஜூனுக்கு முந்தையதாக இருக்க முடியாது. நிகழ்ச்சியே வண்ணத்தில் இருந்தால் 1978 டிசம்பருக்குப் பிந்தியது, அப்போதுதான் இங்கே வண்ண ஒளிபரப்பு வந்தது. கடையில் கொடுத்தால் நம் நாட்டு ஒளிபரப்பு முறையான ‘பால்’ (PAL) முறையில் மாற்றச் சொல்லுங்கள். அமெரிக்க முறைக்கு வைத்த கருவியில் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வரும். மூன்று மணி நேர டேப்புக்கு மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும். அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அப்பா எழுதிய லேபிள்களையும் படம் எடுத்து வையுங்கள். மகனுக்குத் தாத்தாவின் கையெழுத்தும் கிடைக்கும்.

சின்ன வயதில் டிவியில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். ஆரம்பத்திலேயே சிவாஜியைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். பாட்டே கிடையாது. பெயர் தெரியவில்லை.
- வாசகர், சுங்கை பட்டாணி

‘அந்த நாள்’. 1954, ஏவிஎம் தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு இல்லை, நடனம் இல்லை. சிவாஜி வானொலிப் பொறியாளர், அவர் மனைவியாகப் பண்டரிபாய். விசாரணைக்கு வரும் அதிகாரியாக நடிக்கும் ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதினார். கதை நடப்பது ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில். 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு விழுந்ததைக் கண்ட பெரியவர் வீட்டில் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். சென்னையில் எடுத்த படம் பினாங்குக்காரருக்கு வேறு மாதிரி பேசும். கொன்றவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ எங்கே பார்க்கலாம்?
- வாசகர், ஈப்போ

பார்க்க முடியாது. எச். எம். ரெட்டி இயக்கி டி. பி. ராஜலட்சுமி நடித்து 1931இல் வந்த அந்தப் படத்தின் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், தானாகவும் சிதையும். ஓடி முடித்த படங்களை அதிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்து விற்றதும் உண்டு. புனேயில் இந்தியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான். அதற்குள் எவ்வளவோ போய்விட்டது.

பழைய மலாய்ப் படங்களைப் பார்க்கச் சொல்லி அடிக்கடி எழுதுகிறீர்கள். தமிழனான எனக்கு அதில் என்ன இருக்கிறது?
- கல்லூரி மாணவர், செந்தூல்

நிறைய இருக்கிறது தம்பி. மலாய்ப் படவுலகின் பெரிய நடிகரும் இயக்குநருமான பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’யை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ரம்லியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். எஸ். ராமநாதன், பி. என். ராவ் என்று இந்திய இயக்குநர்களின் பெயர்ப் பலகை நீளும். சோகத்தில் மழை பெய்வது, ஏழைத் தாய் கண்ணீர், நடுவில் வரும் நகைச்சுவைத் துணைக்கதை எல்லாம் நம் படங்களில் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும். ரம்லி இயக்குநராகி 1955இல் ‘பெனாரேக் பெச்சா’ எடுத்தபின் அந்தப் பாணி எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

பினாங்கில் ரம்லி பிறந்த வீட்டைக் காண நீங்கள் பஸ் ஏற வேண்டும். ஆனால் கடைசியாக வாழ்ந்த வீடு உங்கள் பக்கத்துச் செத்தாப்பாக்கில் நினைவில்லமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு போய்ப் பாருங்கள், எந்தப் படத்தில் தொடங்குவது என்று அப்புறம் எழுதுங்கள்.