தெருவை மூடி விழாவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் முதல்முறையாகத் தெருவை மூடி ஒரு நாள் கலைவிழா நடத்தப் போகிறது. போலீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார் ஒருவர், மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. சாலை யார் பராமரிப்பில் இருக்கிறதோ அவர்கள்தான் அதை மூட அனுமதிக்க முடியும். பெரும்பாலும் அது மாநகராட்சி, ஆனால் பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையாகவும் இருக்கலாம். இதை முதல் நாளே விசாரித்துவிடுங்கள், தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். வண்டிகளை மாற்றுப்பாதையில் திருப்புவது, கூட்டத்துக்குக் காவல் போடுவது எல்லாம் போலீஸ் பொறுப்பு. கூடாரம், ஜெனரேட்டர், கேஸ் அடுப்பு என்று எது வந்தாலும் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பல நகரங்களில் பொதுமக்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடும், சாலையைச் சுத்தம் செய்து ஒப்படைப்பதற்கான முன்பணமும் கேட்பார்கள். பெரிய நிகழ்ச்சி என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

கேள்வி: மனுவோடு கொடுத்த வரைபடம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேடை, கடைகள், நாற்காலிகள் எல்லாம் வரைந்திருந்தோமே, வேறு என்ன வேண்டும்?

பதில்: நீங்கள் வரைந்தது விழா. அவர்கள் பார்க்க நினைப்பது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்தால் எந்த வழியாகப் போவார்கள் என்பதை. தெருவின் அகலத்தை நிஜமாகவே டேப் வைத்து அளந்து குறியுங்கள், கூகுள் மேப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு தடுப்பும் எங்கே நிற்கிறது, அதில் எது திறக்கும், யார் திறப்பார் என்று காட்டுங்கள். தீயணைப்பு வண்டிக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வழி விடுங்கள். அதன் அகலம் ஊருக்கு ஊர் மாறும், 3.7 மீட்டர் கேட்கிற இடமும் உண்டு, 6 மீட்டர் கேட்கிற இடமும் உண்டு. அப்புறம் தீயணைப்புக் குழாய் முன்னால் கடை போட்டிருந்தால் உடனே தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: நுழைவு இலவசம், அதனால் எத்தனை பேர் வருவார்கள் என்றே சொல்ல முடியாது. மனுவில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

பதில்: வருகிறவர்களை எண்ண முடியாது, இடத்தை அளக்க முடியும். அங்கிருந்து தொடங்குங்கள். தெரு 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வையுங்கள், 1,000 சதுர மீட்டர். அவசர வண்டிக்கு 4 மீட்டர் அகலம் விட்டால் மிச்சம் 600. மேடை, கடைகள், ஒலிபெருக்கிக் கோபுரம் 100 சதுர மீட்டரைப் பிடித்தால் மிச்சம் 500. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் நிம்மதியாக நடமாடலாம், ஆக உங்கள் தெருவின் கணக்கு 1,000 பேர்தான், நீங்கள் ஐயாயிரம் நோட்டீஸ் அச்சடித்திருந்தாலும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினாலே ஆபத்து, ஆறேழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் காலால் நடப்பதில்லை, கூட்டம் மொத்தமாகத் தள்ளுகிற பக்கம் போவார்கள். நெரிசலில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி, மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். கீழே விழுந்தால்தானே ஆபத்து என்று நினைக்கிறவர்களுக்கு இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

வெளியேறும் வழிக்கும் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் விளையாட்டரங்கங்களுக்குப் பயன்படுத்தும் பாதுகாப்பு வழிகாட்டி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர் போகலாம் என்று கொள்கிறது. ஐயாயிரம் பேரை எட்டு நிமிடத்தில் வெளியே அனுப்ப ஏறக்குறைய 7.6 மீட்டர் திறந்த வழி தேவை. அதே வழியில் எதிர்ப்பக்கம் ஆட்கள் வந்துகொண்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 2010-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் லவ் பரேட் இசைவிழாவில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே சரிவுப் பாதை பயன்பட்டது, 21 பேர் இறந்தார்கள். நகர நிர்வாகம் அனுமதி கொடுத்து நடந்த விழாதான் அது. 2022 அக்டோபரில் தென்கொரியத் தலைநகர் சோலின் இட்டேவோன் பகுதியில் ஹாலோவீன் கொண்டாட்டக் கூட்டத்தில் 159 பேர் இறந்தது வெறும் 3.2 மீட்டர் அளவுக்குக் குறுகிய ஒரு சந்தில், அங்கே விழாவுக்குப் பொறுப்பான அமைப்பாளர் என்று யாருமே இல்லை. முதல் எச்சரிக்கை அழைப்பு கிட்டத்தட்ட நான்கு மணி நேரத்துக்கு முன்பே போலீசுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று உயரமான இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள் என்கிறேன். கணக்கிட்ட எண்ணிக்கையில் முக்கால்வாசி வந்ததுமே நுழைவை மெதுவாக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், ஆட்டம் பாட்டத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கே. சங்கத் தலைவரைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வரும் நேரம் அப்போது இருக்காது.

இலவச நிகழ்ச்சிக்கும் முன்பதிவு வையுங்கள். காசு வாங்க வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

கேள்வி: மேடைக்கு முன்னால் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண இரும்புத் தடுப்புகளை வைத்தால் போதாதா? மேடைத் தடுப்புக்கு வாடகை அதிகம் கேட்கிறார்கள்.

பதில்: வரிசையை ஒழுங்குபடுத்த அது போதும். பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் போதாது, கட்டாயம் போதாது. பின்னாலிருந்து தள்ளு வந்தால் அது சாயும், அதன் கால்கள் தடுக்கி விழ வைக்கும். மேடைத் தடுப்பின் அடித்தகடு கூட்டத்தின் பக்கம் நீண்டிருக்கும், ஆட்கள் அதன் மேல்தான் நிற்பார்கள், அவர்கள் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். மேடைக்கும் அதற்கும் நடுவே ஆட்கள் ஓடும் அளவுக்கு இடைவெளி விட்டால்தான் மயங்கியவரைத் தூக்கி வெளியே எடுக்க முடியும். பணம் குறைக்க வேண்டுமென்றால் அலங்கார விளக்கில் குறையுங்கள்.

இன்னொன்று, இந்தத் தடுப்பு எதுவும் வண்டியை நிறுத்தாது. 2016-ல் பிரான்சின் நீஸ் நகரில் கூட்டத்துக்குள் லாரி புகுந்து 86 பேர் இறந்த பிறகு, தெரு முனையில் கான்கிரீட் கட்டையோ குறுக்கே நிறுத்திய கனரக வண்டியோ வேண்டும் என்று பல நகரங்கள் கேட்கின்றன. வண்டியை நிறுத்தினால் சாவியோடு ஓட்டுநரும் அங்கேயே இருக்கட்டும், ஆம்புலன்ஸ் வந்தால் யாரைத் தேடுவது?

கேள்வி: என் கடை இருக்கும் தெருவை விழாவுக்கு மூடப் போகிறார்களாம். எனக்கு யாரும் சொல்லவே இல்லை. ஆட்சேபிக்கலாமா?

பதில்: தாராளமாக. அனுமதி தரும் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். விழாவே வேண்டாம் என்று எழுதுவதைவிட, எத்தனை மணிக்குச் சரக்கு வரும், கடை வாசலில் எவ்வளவு அகலம் திறந்திருக்க வேண்டும் என்று எழுதினால் அதை அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்க முடியும். அதன் நகலை அமைப்பாளர்களிடமும் கொடுத்துவிடுங்கள்.