நகையை அடகு வைத்து மகளை அந்தச் சின்னப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஆரையம்பதியில். நான் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர். பிடித்தமெல்லாம் போக 58,000 ரூபாய் கைக்கு வரும். கணவருக்குப் படுவான்கரையில் நாலு ஏக்கர் வயல். நல்ல வருடம் என்றால் பெரும்போகத்தில் செலவு போக இரண்டரை இலட்சம் மிஞ்சும். சேமிப்பு மூன்று இலட்சம், நகை ஏழு பவுண். மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, மகனுக்கு இரண்டு. மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்னத் தனியார் பள்ளியைப் போய்ப் பார்த்தோம். ஆறு முதல் ஒன்பது வயது வரை எல்லாரும் ஒரே அறையில். பரீட்சையும் இல்லை, ராங்க்கும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையொன்று ஆறு வயதுப் பிள்ளைக்கு ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணக் காட்டிக்கொடுத்தது. டீச்சர் பக்கத்தில் இருந்தும் குறுக்கிடவில்லை. மகள் அங்கிருந்து வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். வருகிற தவணையிலேயே சேர்க்கலாம் என்கிறார்கள். சேர்ப்புக் கட்டணம் 50,000, தவணைக்கு 60,000, வேனுக்கு மாதம் 6,000. நகையை அடகு வைத்துச் சேர்த்துவிடலாமா?

பதில்: சகோதரி, அடகு வேண்டாம். பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் பொறுத்துச் சேருங்கள்.

முதலில் அந்த வகுப்பறையைப் பற்றிப் பேச வேண்டும், காசுக் கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மொண்டிசோரி வழி போலிருக்கிறது, அதாவது பிள்ளை பொருட்களைக் கையாண்டு தானாகக் கற்கும் முறை. அந்த வழியில் நடக்கும் பள்ளிகளில் பிள்ளைகளை மூன்று மூன்று வயதாகச் சேர்த்து வைப்பார்கள்: மூன்றிலிருந்து ஆறு, ஆறிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. முதல் வருடம் பிள்ளை பெரியவர்களைப் பார்த்துப் பழகும். அடுத்த வருடம் தானாகச் செய்யும். மூன்றாம் வருடம் சின்னவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்கும்போதுதான் கற்றது அதன் மனதில் உறுதியாகப் பதியும். ஈர்க்குக் கட்டிய அந்தப் பிள்ளை அநேகமாக மூன்றாம் வருடத்துப் பிள்ளை. நீங்கள் ஆசைப்பட்டதும் அதைப் பார்த்துத்தானே? அப்படியென்றால் இது மூன்று வருடச் செலவு. ஒரு வருடத்தில் காசு தீர்ந்து பிள்ளையை நிறுத்தினால், அவள் எல்லாருக்கும் சின்னவளாக இருந்த வருடத்துக்கு மட்டும் காசு கட்டியதாக முடியும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். முதல் வருடக் கட்டணம் 180,000. ஆண்டுக்கு பத்து வீதம் கூடும் என்று வைத்தால் அடுத்தது 198,000, அதற்கடுத்தது 217,800. மூன்று வருடத்துக்கும் சேர்த்து 595,800. வேனுக்கு 216,000, சேர்ப்புக் கட்டணம் 50,000. மொத்தம் 861,800 ரூபாய். தவணைக்கு 60,000 என்று கேட்டபோது மனது இந்தத் தொகையை நினைத்திருக்காது.

இனி அடகு. நம் பக்கத்தில் விதைப்புக்கு நகையை வைத்து, மாசி பங்குனியில் நெல் விற்று மீட்பது காலங்காலமாக நடக்கிறது. அதில் தப்பில்லை, வைத்த காசே திரும்பக் காசைக் கொண்டுவருகிறது. பள்ளிக் கட்டணம் அப்படித் திரும்பி வராது. இந்தத் தவணைக்கு வைத்த நகையை மீட்கும் முன்பே அடுத்த தவணை வந்து நிற்கும். ஏழு பவுணும் அங்கே போய்விட்டால் விதைப்புக்கு எதை வைப்பீர்கள்? அப்புறம் கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன்தான் மிஞ்சும். எத்தனை தாய்மார் அதற்குள் மாட்டித் தவித்தார்கள் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் அலுவலகத்தில் எடுக்கக்கூடிய இடர்கடனையும் இதற்குத் தொடாதீர்கள். அது பெயருக்கேற்ற தேவைக்கு இருக்கட்டும்.

நான் சொல்கிற வழி இது. இந்த வருடம் மகளைப் பக்கத்து அரசாங்கப் பள்ளியில் தரம் ஒன்றில் சேருங்கள். அந்த வருடம் முழுக்கச் சின்னப் பள்ளிக்குக் கட்டுவதாகவே நினைத்து, கட்டணமும் வேன் காசும் சேர்ந்த 252,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். சம்பளத்தில் இருந்து மாதாமாதம் முடிந்தது, மிச்சம் பெரும்போகக் காசில். அதற்குள் ஒரு பெரும்போகம் முழுசாக வந்து போக வேண்டும், அதுதான் உண்மையான சோதனை. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் வயலை என்ன பாடு படுத்தியது என்று உங்கள் கணவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போட முடிந்தால், இருக்கும் மூன்று இலட்சத்தோடு சேர்த்து 552,000. இதில் ஒன்றரை இலட்சத்தை வெள்ளத்துக்கும் நோய்க்குமென்று ஒதுக்கி மறந்துவிடுங்கள். மிச்சம் 402,000 பள்ளிக்கு. குறைகிற 459,800ஐ மூன்று வருடத்தில் தேட வேண்டும், அதாவது ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் சொச்சம். இது உங்களுக்கு ஏலும். வருடம் முடியும்போது கணக்கில் ஒரு இலட்சம்தான் சேர்ந்திருக்கிறது என்றால், கடன் இல்லாமல் பதில் கிடைத்துவிட்டது. மகளுக்கும் நட்டமில்லை, வயது கலந்த வகுப்பில் சேர ஆறு வயது பிந்தியது அல்ல.

மகனை மறக்காதீர்கள். மகள் ஒன்பதைத் தொடும்போது அவன் ஆறை நெருங்குவான். இருவருக்கும் ஒரே நேரத்தில் கட்ட இந்த வருமானம் போதாது. அதை இப்போதே கணவரோடு பேசுங்கள். மகள் ஒன்பது வயதில் அரசாங்கப் பள்ளிக்குத் திரும்பினால் நேரே தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைப் பரபரப்புக்குள் போய் விழுவாள், ரியூசன் செலவும் சேரும். டவுனின் பெரிய பள்ளிகளில் இடையில் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் இப்போது சேர்க்கும் அரசாங்கப் பள்ளியின் அதிபரிடம் நல்லுறவு வைத்திருங்கள்.

சின்னப் பள்ளி பற்றி எனக்கு இருக்கும் ஒரே பயம், நாலைந்து குடும்பம் விலகினாலே அங்கே டீச்சர் சம்பளம் ஆட்டம் காணும் என்பது. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரச உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின், புதிதாக வந்த கட்டணப் பள்ளிகள் பெரும்பாலும் கம்பனியாகப் பதிந்தவை. கம்பனி மூடினால் முன்பணம் கொடுத்த பெற்றோரும் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆகவே கழிவு தருகிறோம் என்றாலும் ஒரு வருடக் கட்டணத்தை ஒன்றாகக் கட்டாதீர்கள். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை டீச்சர்மார், போன வருடம் எத்தனை பேர் விலகினார்கள் என்றும் கேளுங்கள். நல்ல பள்ளி இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. சேர்ப்புக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு 50,000ஐக் கட்டுங்கள். அடுத்த வருடத்துக்கு மகளுக்கு ஒரு இடம் வைத்திருப்பார்களா என்று இந்தக் கிழமையே போய்க் கேட்டு வாருங்கள்.